முத்தையா உயிருடன் இருக்கிறார்

நான் இருபது வருடங்கள் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் இப்போது இருக்கிற பிள்ளைகள் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார்கள். தொண்டு நிறுவனங்கள் சமூக ஊடகத்தைப் பயனுள்ள முறையில் கையாள்வது எப்படி என்று ஒரு கையேடு தயாரிக்கிறார்களாம். எங்கள் முகநூல் பக்கத்தை முதலில் நடத்தியவள் என்ற முறையில் என்னிடம் பத்துக் குறிப்புகள் கேட்டார்கள். பத்துக் குறிப்பு தருகிற அளவுக்கு நான் எதையும் திறமையாக நடத்தவில்லை. நல்ல சுகத்தோடு இருந்த ஒரு மனிதரைச் சாகடித்திருக்கிறேன். அது கையேட்டில் எந்த அத்தியாயத்தில் வரும் என்று எனக்குத் தெரியாததால் இங்கே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், உயர்தரம் வரை படித்தவள் என்பதால் கள உத்தியோகத்தர் ஆக்கினார்கள். மூன்று நாள் பயிற்சி. முதல் நாள் ‘பயனாளி’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை என் அம்மா, சித்தி, லயம் என்கிற வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லோரையும் நான் வெறும் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் அறிக்கை எழுதுவது. மூன்றாம் நாள் கமெரா.

கமெராதான் கடினம். மலையகத்தில் ஒருவரைப் போட்டோ எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டால் அவர் உள்ளே போய்த் தீபாவளிச் சேலையைக் கட்டி, பவுடர் பூசி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை எல்லாம் விலக்கிவிட்டு, நேராக நின்று சிரிப்பார். அப்படிப்பட்ட படங்களை எங்கள் பணிப்பாளர் ஒன்றொன்றாக எடுத்துப் பச்சை மையால் பின்பக்கம் கோடு போட்டுத் திருப்பித் தருவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். நான் முதன்முதலில் கழுவிக் கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு மிகுந்த பொறுமையோடு கேட்டார்.

“பிள்ளை, இவ ஏன் சிரிக்கிறா?”

படம் எடுக்கிறோம் என்ற சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்றேன்.

“சிரிக்கிற ஆக்களுக்கு ஆர் உதவி செய்வினம்?”

அன்றிலிருந்து படம் எடுத்த பிறகுதான் படம் எடுத்தோம் என்று சொல்வது என்பது எங்கள் நடைமுறை ஆயிற்று. அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பையன்களைச் சோதனைச் சாவடிகளில் பிடித்து வைத்த யுத்த காலத்தில், தான் யாழ்ப்பாணத்தவர் என்பதால் தன்னையும் உள்ளே வைத்துவிடலாம் என்று தெரிந்தும், கடிதங்களைக் கோப்பில் வைத்துக்கொண்டு பொலிஸ் நிலைய வாங்கில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். வெளியே வந்த பையன்கள் பலர். அவர்களில் ஒருவரையும் அவர் படம் எடுக்கச் சொன்னதில்லை. படம் என்பது வெளிநாட்டுக்கு அனுப்புகிற பண்டம், உதவி என்பது வேறு விஷயம் என்று அவர் மனதில் இரண்டுக்கும் தனித்தனி அலுமாரி இருந்தது.

இப்படியே பதினைந்து வருடங்களுக்கு மேல் ஓடியது. இரண்டாயிரத்துப் பத்தை நெருங்குகிற சமயத்தில், வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்கள் எங்களுக்கு முகநூல் பக்கம் இருக்கிறதா என்று கேட்டு எழுதினார்கள். இல்லை என்று சொல்வது லயத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதைவிட வெட்கமான காரியமாகப் பட்டது. உடனே கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் வரவழைக்கப்பட்டார். ஹட்டனில் ஒரு விடுதி மண்டபத்தில் பயிற்சிப் பட்டறை. மழை, மின்சாரம் இரண்டு தடவை போனது. போன நேரத்திலும் அவர் நிறுத்தவில்லை. முகத்தைக் காட்டுங்கள், ஒரே ஒருவரின் கதையைச் சொல்லுங்கள், மனதைத் தொடுங்கள் என்றார். தோட்டங்களில் இணையம் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, இந்தப் பக்கம் தோட்டத்து ஆட்களுக்கானது அல்ல என்று விளக்கினார். தோட்டத்து ஆட்களைப் பற்றியது மட்டும்தானாம்.

தமிழில் தட்டெழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் பக்கம் என் தலையில் விழுந்தது. நான் தமிழில் எழுதுவேன், பணிப்பாளர் பச்சை மையால் திருத்துவார், ஆலோசகரின் கொழும்பு அலுவலகம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பும், இரண்டையும் சேர்த்து நான் பதிவேன். எங்கள் பக்கம் பிறந்த சில மாதங்களில் வந்ததுதான் பாக்கியத்தின் படம்.

பாக்கியம் ராகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். அவருடைய கணவர் முத்தையாவுக்குத் தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை. ஒரே மகள் சாந்தி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் போன அன்று முத்தையா மலையில் வேலையில் இருந்தார். பாக்கியம் பகல் சாப்பாட்டுக்கு வந்து அடுப்பை மூட்டியிருந்தார். ஈர விறகு. அந்தச் சமையலறையில் புகை போக வழியில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கறுத்த சுவரில் சாய்ந்து நின்றார். ஆலோசகர் கேட்ட முகம் அது. எடுத்துவிட்டேன்.

படத்துக்குக் கீழே இரண்டு வரி வேண்டும். ‘கணவனின் துணையின்றிப் புகை மண்டிய அறையில் போராடும் தாய்’ என்று எழுதினேன். அந்த நேரத்தில் கணவன் துணைக்கு இல்லை என்பது உண்மைதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டது இன்றும் நினைவிருக்கிறது. பணிப்பாளர் ‘போராடும்’ என்பதை ‘தவிக்கும்’ என்று மாற்றினார். கொழும்பு அலுவலகம் ‘கணவனின் துணையின்றி’ என்பதை ‘விதவை’ என்று மொழிபெயர்த்தது. ஆங்கிலம் எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். பதிவும் செய்தேன். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிறகு அலுவலகத்தில் நிறையப் பேசினோம். கடைசியில் பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது.

படம் பிய்த்துக்கொண்டு போயிற்று. கண்ணீர் முகங்கள், கூப்பிய கைகள், கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்ற வாழ்த்துகள். நாங்கள் அதுவரை பத்து லைக்கைப் பார்த்தால் தேநீர் வாங்கிக் குடிக்கிறவர்கள். பணிப்பாளர் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் போட்டுத் தேதி குறித்தார். வெளிநாட்டில் ஒரு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் அந்த விதவைக்கு வர்ண அட்டைகள் வரைந்து தபாலில் அனுப்புவதாக எழுதினார்கள்.

கொழும்பில், சாந்தி வேலை செய்த கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நெற் கபே. அங்கே வேலை செய்த பெண் சாந்தியைக் கூப்பிட்டு, இது உன் அம்மா இல்லையா என்று காட்டியிருக்கிறார். அம்மாதான். பின்னால் சுவரில் தொங்கியது சாந்தி தைத்த பை. கீழே ஆங்கிலத்தில் விதவை என்று இருந்தது.

அவர்களுடைய லயத்தில் கைபேசி வைத்திருந்தது ஒரே ஒரு வீடு. அதற்கும் மலையேறி நின்றால்தான் சத்தம் வரும். சாந்தி பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் தலவாக்கலையில் இருக்கிற தாய்மாமனுக்கு அழைத்து, “மாமா, அப்பா போயிட்டாராம், எனக்கு யாருமே சொல்லல” என்று அழுதிருக்கிறார். முதலாளியிடம் விடுமுறை கேட்டார். அது கடையில் வியாபாரம் மும்முரமாக இருந்த வாரம். போனால் திரும்பி வராதே என்றார் முதலாளி. சாந்தி அப்படியே நுவரெலியா பஸ்ஸில் ஏறிவிட்டார்.

மாமன் முந்திக்கொண்டு வந்து சேர்ந்தார். கோடி வேட்டி, மாலை, கூட மனைவி. வழக்கப்படி லயத்துக்குத் திரும்புகிற முடக்கிலேயே அந்த அம்மா ஒப்பாரியை ஆரம்பித்திருக்கிறார். வேலை முடிந்து வந்த முத்தையா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று, யார் வீட்டில் சாவு என்று எட்டிப் பார்த்திருக்கிறார். பின்னாலேயே சாயங்கால பஸ்ஸில் சாந்தி வந்தார். அப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர், பிறகு கோபம் வந்து அவர் நெஞ்சில் இரண்டு குத்து விட்டாராம்.

எங்களுக்கு இதெல்லாம் மறுநாள்தான் தெரியும். பத்தரை மணி இருக்கும். முத்தையாவும் பாக்கியமும் மூன்று பஸ் மாறி, படியேறி வந்தார்கள். முத்தையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பணிப்பாளர் அவரை யாரென்று தெரியாமலே வரவேற்று உட்காரச் சொன்னார். முத்தையா உட்காரவில்லை.

“சார், நான் செத்துட்டேன்னு எழுதியிருக்கீங்களாம். எப்ப செத்தேன்னு தெரிஞ்சா சொல்லுங்க. முந்தாநாள் எனக்கு ஒரு பேரு போட்டிருக்காங்க. செத்தவனுக்குத் தோட்டத்துல பேரு போட மாட்டாங்க.”

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவு. அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். பணிப்பாளர் எழுந்து நின்றார். மொழிபெயர்ப்பில் ஒரு சின்னத் தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்க வேண்டும், அந்தப் பதிவை இப்போதே நீக்கிவிடுகிறோம் என்றார்.

பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“மிஸ், அன்னைக்கு ஒங்ககிட்ட அரை மணி நேரம் பேசினேன். எதப் பத்திப் பேசினேன்னு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. தண்ணீரைப் பற்றிப் பேசினார். ஊற்றிலிருந்து, லயத்தில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு வருகிற குழாய் மண் சரிந்து உடைந்து எட்டு மாதம். பெண்கள் விடியற்காலையில் பள்ளத்து ஓடைக்குப் போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி, அதற்குப் பிறகு காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைய வேலை இல்லை. தோட்டத்தைக் கேட்டால் தொண்டு நிறுவனம் செய்யும் என்கிறார்கள், எங்களைக் கேட்டால் தோட்டம் செய்ய வேண்டும் என்கிறோம். எல்லாம் என் கொப்பியில் அழகான கையெழுத்தில் இருந்தது.

“அதெல்லாம் எழுதாம இவர ஏன் எழுதினீங்க? இவரப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலயே.”

பதிவை நீக்கவும் பாக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இப்போது அழித்தால் செத்தது செத்ததாகவே இருக்கும், அதே இடத்தில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுத வேண்டும், தண்ணீர் விஷயத்தையும் எழுத வேண்டும் என்றார். பணிப்பாளர் முதலாவதற்குச் சம்மதித்தார். இரண்டாவது கஷ்டம் என்றார். தோட்ட நிர்வாகம் கேட்டைத் திறந்தால்தான் நாங்கள் எந்த லயத்துக்கும் போகலாம். பத்திரிகை மாதிரி எழுதிவிட்டால் நாளை எந்தத் தோட்டத்திலும் காலடி வைக்க முடியாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தில்தான் எட்டு மாதமாகத் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

சனிக்கிழமை நான் ராகலைக்குப் போனேன். முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். பாக்கியம் நல்ல சேலை கட்டியிருந்தார். முத்தையா முகம் மழித்திருந்தார். இருவரும் காய்ந்த பீலிக்குப் பக்கத்தில் நேராக நின்று சிரித்தார்கள். எடுத்தேன். பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத வாசிக்கச் சொன்னார் பாக்கியம். ‘குடிநீரின்றி அவல வாழ்வு’ என்று ஆரம்பித்திருந்தேன்.

“அது என்னா மிஸ், அவல வாழ்வு?”

விளக்கம் சொன்னேன். வெட்டச் சொன்னார். குழாய் உடைந்திருக்கிறது என்று எழுதினால் போதும் என்றார். முத்தையா கயிற்றை எடுத்துக்கொண்டு போய் உடைந்த இடத்தை அளந்துவிட்டு வந்து இருநூற்றுப் பத்து அடி என்றார். குழாயின் பருமன் ஒன்றரை அங்குலம், மூட்டு இத்தனை வேண்டும் என்று அதையும் எழுத வைத்தார். முடித்ததும் பாக்கியம் இதை யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். எல்லோருக்கும் என்றேன்.

“எல்லாருக்கும்னா யாரும் வர மாட்டாங்க. கொழும்புல இருக்கிற நம்ம தோட்டத்துப் புள்ளைகளுக்குன்னு போடுங்க.”

ஆலோசகர் நாள் முழுக்கப் பேசி என் மண்டையில் ஏற்றாத விஷயம் இது. சாந்தி உள்ளேயே இருந்தார். அவர் வேலை போய்விட்டது. முதலாளி சொன்ன சொல் தவறாதவர். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மட்டும், “நாளைக்கு மத்தியானம் போடுங்க. ஞாயித்துக்கிழமதான் அவங்களுக்கு லீவு” என்றார். நாங்கள் அதுவரை வெளிநாட்டில் காலை விடிகிற நேரம் பார்த்துப் பதிவிட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு மத்தியானம் பதிவிட்டேன். முதல் வரி: முத்தையா உயிருடன் இருக்கிறார். அதற்குக் கீழே எங்கள் தவறு, அதற்குக் கீழே குழாய், அளவு, தோட்டத்தின் பெயர். ஆங்கிலம் இல்லை. பணிப்பாளரின் பச்சை மை படாமல் எங்கள் பக்கத்தில் வந்த முதல் பதிவு.

வெளிநாட்டவர்கள் ஏறக்குறைய எவரும் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேர் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தில் அவர்கள் என்ன செய்ய முடியும்? ஆனால் கொழும்பு விழித்துக்கொண்டது. முதலில் கேலி. முத்தையா அண்ணனுக்குக் காரியம் எப்போது, சோறு உண்டா என்று கேட்டார்கள். பிறகு ஒருவர், எங்கள் பக்கத்து லயத்திலும் அதே நிலைமைதான் என்றார். பிறகு இரும்புக்கடையில் வேலை செய்யும் ஒருவர் மூட்டுகளின் அளவைத் திருப்பிக் கேட்டார். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். தெரியாததற்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி, மறுநாள் கேட்டும் சொன்னேன். நன்றி, ஆசீர்வாதம் என்று மட்டும் எழுதி வந்த எனக்கு அது புது வேலை.

செவ்வாய்க்கிழமை பணிப்பாளர் கூப்பிட்டார். தோட்டத்து முகாமையாளரான துரை தொலைபேசியில் பேசியிருக்கிறார். உடனே நீக்க வேண்டுமாம். தண்ணீர் வந்ததும் நீக்குகிறேன் சேர் என்றேன். என் வேலை அத்தோடு போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“பிள்ளை, நீங்கள் செய்தது சரியெண்டு எனக்குப் படேல்லை. ஆனா பிழையெண்டு சொல்லவும் என்னாலை ஏலாமல் கிடக்கு.”

பிறகு என்னிடம் ஒரு விடுமுறைப் படிவத்தை நீட்டினார். இரண்டு வாரம். நான் கையெழுத்துப் போட்டதும் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்து, கடவுச்சொல் தெரிந்த ஒரே உத்தியோகத்தர் விடுமுறையில் போய்விட்டார், வந்ததும் நீக்கிவிடுவோம் என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார். எங்கள் அலுவலகம் சொன்ன பொய்களில் நான் பெருமைப்படுகிற பொய் அது.

அந்த மாதப் பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் குழாய் வந்தது. ராகலையிலிருந்து மரக்கறி ஏற்றிப்போன லொறி வெறுமனே திரும்புகையில் கொழும்புப் பிள்ளைகள் அதில் போட்டு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஏழெட்டுப் பேர் கொழும்பிலிருந்து வந்திறங்கினார்கள். பதிவை நீக்கச் சொன்ன நிர்வாகம், வேலை தன் மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று ஓர் ஆளை அனுப்பியது. அவர் இரண்டு நாளும் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்த்தார். முத்தையா முன்னால் நின்று குழாய் போடும் தடத்தை வெட்டினார். இரண்டாம் நாள் மத்தியானம் பீலியில் முதலில் சேறும், பிறகு தண்ணீரும் வந்தது. பெண்கள் குடங்களை வரிசையாக வைத்தார்கள். நான் விடுமுறையில் இருந்ததால் கமெரா இல்லை. அதனால் வரிசையில் நின்று குடம் கொடுத்தேன்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பிள்ளைகளின் அட்டைகள் ஒரு பெரிய உறையில் வந்து சேர்ந்தன. பணிப்பாளர் தன் கைப்பட உண்மையை எழுதி அவர்களுக்கு அனுப்பினார். ஓர் அட்டையில் முத்தையா இறக்கை முளைத்து மேகத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போய் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். பதிவு நீக்கப்பட்டது. கடவுச்சொல் என் கையிலிருந்து ஆலோசகரின் கைக்குப் போயிற்று. ஆண்டறிக்கையில் அந்தக் குழாய் எங்கள் சாதனைகளில் நான்காவதாக இடம்பெற்றது. நான் ஆட்சேபம் சொல்லவில்லை. ஒரு தடவை ஆட்சேபித்த களைப்பு அப்போது தீர்ந்திருக்கவில்லை.

வேலை பறிபோனதற்கு ஈடாகச் சாந்திக்கு எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் கொடுக்கலாம் என்று பணிப்பாளரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக்கொண்டு போனேன். சாந்தி வர மறுத்துவிட்டார். “ஒங்க ஆபிஸ்ல சேர்ந்தா நானும் இப்படித்தானே எழுதணும்” என்றார். சில மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு ராகலை டவுனில் தொலைபேசி அழைப்பு எடுத்துத் தருகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் சேர்ந்தார். கொழும்பில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். அதற்குக் காரணம் நான் என்பதை நான் மறப்பதில்லை, அவரும் மறக்கவில்லை.

அந்தக் கடையில் கணினி இருந்தது. தோட்டத்தின் பெயரில் முகநூலில் ஒரு குழு தொடங்கினார். எந்த லயத்தில் கூரைத் தகரம் போயிற்று, எந்தப் பாதையில் மண் சரிந்தது, பாடசாலைக்கு எந்த ஆசிரியர் வரவில்லை என்று ஒவ்வொன்றாக, இரண்டு வரியில், ஆளின் சம்மதத்தோடு போட்டார். தோட்டத்து அலுவலகக் கிளாக்கர் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்துக்குக் கண்ணீர் முகங்கள் தொடர்ந்து வந்தன. அவர் குழுவுக்கு ஆட்கள் வந்தார்கள்.

இது எங்கள் நிர்வாக சபையின் காதுக்கு எட்டியது. அந்தத் தோட்டத்தில் சமூக ஊடக விழிப்புணர்வை ஏற்படுத்தியது எங்கள் நிறுவனமே என்பதால், குழுவின் முகப்பில் எங்கள் பெயரையும் சின்னத்தையும் சேர்க்குமாறு கேட்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆலோசகர் எங்கள் பக்கத்தின் பெயரிலேயே அதைக் குழுவில் எழுதினார். மிகவும் நாகரிகமாக எழுதியிருந்தார். அரை மணி நேரத்தில் சாந்தியின் பதில் வந்தது. பணிப்பாளர் அதை அச்செடுத்து என் மேசையில் வைத்து, நீங்கள்தான் இதற்கு ஒரு மறுமொழி எழுத வேண்டும் என்றார். நான் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, முடியவில்லை சேர் என்று திருப்பிக் கொடுத்தேன். அவரும் வாங்கி, பச்சைப் பேனாவைத் திறந்து, மூடி வைத்துவிட்டார்.

சாந்தி கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான்.

“நீங்க எந்த லயத்துல இருக்கீங்க?”